மண்டகப்படியா, கட்டளையா? – இளைஞர் மனநலமும் நமது கடமையும்

(நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் கூடுகை விழாவில் ஆற்றிய உரை. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டதற்கு இணங்க எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



செயலாளர் என்னிடம், "அண்ணே, பத்து நிமிஷம் ஜாலியா பழைய கதை பேசுங்க, போதும்" என்றுதான் சொன்னார். விடுதிச் சாம்பாரைப் பற்றியும், கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஓடியதைப் பற்றியும் பேச எனக்கும் ஆசைதான். ஆனால் இன்று மாலை பொதுக்குழுவில் ஒரு முடிவு எடுக்க இருக்கிறோம். நாம் திரட்டியிருக்கும் பணத்தில் கல்லூரி வாசலில் ஒரு நுழைவாயில் வளைவு கட்டுவதா, வேறு ஏதாவது செய்வதா என்பதே அது. அந்த 'வேறு ஏதாவது' என்ன என்று சொல்வதற்காகத்தான் இந்தப் பத்து நிமிடத்தை எடுத்துக்கொள்கிறேன். கொஞ்சம் கூடப் போனால் மன்னிக்க வேண்டும்.

பழைய கதையில் இருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் 1982–85 பி.காம். வகுப்பில் ஒரு நண்பன் இருந்தான். பெயர் வேண்டாம். வகுப்பில் இருந்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை. உசிலம்பட்டிப் பக்கத்தில் ஒரு கிராமம். அவன் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழ் மீடியம். இங்கே வந்ததும் எல்லாம் இங்கிலீஷ். முதல் வருடத்தில் இரண்டு அரியர், இரண்டாம் வருடத்தில் ஐந்தாகிவிட்டது. ஊருக்குப் போனால் "மகன் எப்ப ஆபீசர் ஆவான்?" என்று கேட்கிறார்கள் என்பதால் லீவுக்குப் போவதையும் நிறுத்திவிட்டான். சாப்பாடு குறைந்தது. ராத்திரி தூக்கம் இல்லாமல் வராண்டாவில் நடப்பான். ஒரு நாள் மெஸ்ஸுக்குப் போகும் வழியில் என்னை நிறுத்தினான். "மாப்ள, உங்கிட்ட கொஞ்சம் பேசணும்டா" என்றான். எனக்கு மறுநாள் காஸ்டிங் பரீட்சை. "பரீட்சை முடியட்டும்டா, சனிக்கிழமை உக்காந்து பேசுவோம்" என்றேன்.

அந்தச் சனிக்கிழமை வரும்போது அவன் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. யாரும் எதுவும் பேசவில்லை. தற்கொலை முயற்சி என்றாலே அப்போது குற்றம். போலீஸ், கேஸ், கோர்ட் என்ற பயம். குடும்பத்துக்கு அவமானம் என்ற பயம். விடுதியில் அந்த அறையைப் பூட்டினார்கள், வெள்ளை அடித்தார்கள், அடுத்த வருடம் வேறு பையன்களுக்குக் கொடுத்தார்கள். நாங்களும் பரீட்சை எழுதினோம், பாஸ் பண்ணினோம், வேலைக்குப் போனோம். நாற்பது வருடமாக நம் கூடுகைகளில் அவன் பெயரை நாம் சொன்னதே இல்லை.

நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. வார்டனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தூக்கமின்மையும் சாப்பிடாமையும் ஒரு நோயின் அடையாளமாக இருக்கலாம், அதற்கு வைத்தியம் உண்டு என்று சொல்ல அன்றைக்கு அங்கே ஓர் ஆள் இல்லை. ஒரு சாவுக்கு ஒரே ஒரு காரணம் இருப்பதில்லை என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆகவே, 'ஆள் இருந்திருந்தால் பிழைத்திருப்பான்' என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பேச வேண்டும் என்று அவன் கேட்டான், பேச ஆள் இல்லை. இதை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

"அது அந்தக் காலம், இப்ப எல்லாம் மாறிப்போச்சு" என்று நீங்கள் நினைக்கலாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கைப் பாருங்கள். 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர். அதில் மாணவர்கள் மட்டும் 13,044 பேர். மாநில வாரியாகப் பார்த்தால் மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. தமிழ்நாட்டில் 19,834 பேர். படிப்பிலும் தொழிலிலும் முன்னால் நிற்கிறோம் என்று பெருமை பேசும் மாநிலம், இதிலும் முன்னால் நிற்கிறது.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16-இல் தேசிய மனநல ஆய்வு ஒன்றை நடத்தியது. அதில் பார்க்கப்பட்ட 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது. பெரியவர்களில், சிகிச்சை தேவைப்பட்டவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் எந்தச் சிகிச்சையும் சென்று சேரவில்லை. மனநோய்களில் பாதி 14 வயதுக்குள்ளேயே தலைகாட்டத் தொடங்கிவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்படியானால் நாம் பார்க்க வேண்டிய இடம் ஆஸ்பத்திரி மட்டும் அல்ல, பள்ளிக்கூடமும் கல்லூரியும்தான்.

சரி, இதற்குப் பணம் எங்கிருந்து வரும்? இங்கேதான் கம்பெனிகளின் பேச்சு வருகிறது.

நான் ஓய்வு பெறுவதற்கு முன் ஆறு ஆண்டுகள், வேலை பார்த்த கம்பெனியின் சமூகப் பொறுப்பு நிதிக் குழுவில் உறுப்பினராக இருந்தேன். சி.எஸ்.ஆர். என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு, 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டு லாபத்தின் சராசரியில் குறைந்தது இரண்டு சதவீதத்தைச் சமூக நலனுக்குச் செலவு செய்ய வேண்டும். எந்தெந்த வேலைக்குச் செலவு செய்யலாம் என்ற பட்டியலில் மருத்துவமும் நோய்த் தடுப்பும் உண்டு. மனநலமும் அதற்குள் அடங்கும்.

எங்கள் கம்பெனியும் ஒரு வருடம் மனநலத்துக்குச் செலவு செய்தது. அதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். மார்ச் மாதம் நெருங்கிவிட்டது, பணம் மீதம் இருக்கிறது, கணக்கு முடிக்க வேண்டும். மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் நிகழ்ச்சி வைத்தோம். ஃபிளெக்ஸ் போர்டு, பிள்ளைகளுக்குத் தொப்பி, பேட்ஜ், சாக்லேட். வெளியூரில் இருந்து வந்த பேச்சாளர் ஒன்றரை மணி நேரம் நன்றாகவே பேசினார். 'மனதில் உள்ளதை மறைக்காதீர்கள், யாரிடமாவது சொல்லுங்கள்' என்றார். கைதட்டல், குரூப் போட்டோ, எல்லாம் முடிந்தது.

வேனில் ஏறப் போகும்போது பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி என் பக்கத்தில் வந்து நின்றாள். "சார், சொல்லச் சொன்னாங்களே, யார்ட்ட சொல்றது?" என்று கேட்டாள். பேச்சாளர் ஏற்கெனவே விமானத்துக்குக் கிளம்பிவிட்டார். நான் கணக்குக்காரன். "டீச்சர்ட்ட சொல்லும்மா" என்றேன். அவள் திரும்பி டீச்சர் நின்ற பக்கம் பார்த்தாள். பிறகு, "அடுத்து எப்ப சார் வருவீங்க?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. நாங்கள் அடுத்து வரவே இல்லை. அந்த வருட அறிக்கையில் 'பயனடைந்த மாணவர்கள்' என்று முந்நூற்றுச் சொச்சம் எண்ணிக்கை போட்டோம். அந்தப் பெண்ணும் அந்த எண்ணிக்கையில் ஒருத்தி.

நண்பர்களே, நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். சித்திரைத் திருவிழாவில் மண்டகப்படி என்று ஒன்று இருக்கிறது. சாமி வருகிறது; பந்தல், பூ, மேளம், பிரசாதம் என்று ஊரே கூடுகிறது; சாமி அடுத்த மண்டகப்படிக்குப் போய்விடுகிறது. அது திருவிழாவுக்கு அழகு. ஆனால் கோயிலில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. அதற்குக் கட்டளை என்று பெயர். ஒருவர் நிலமோ பணமோ எழுதி வைக்கிறார். அதன் வருமானத்தில் தினமும் ஒரு கால பூஜை தவறாமல் நடக்கிறது. எழுதி வைத்தவர் வந்து நின்று பூஜை செய்வதில்லை. அதைத் தெரிந்தவர் செய்கிறார். எழுதி வைத்தவர் போன பிறகும் நடக்கிறது. பிள்ளைகளின் மனநலத்துக்குக் கம்பெனிகள் செய்வதில் பெரும்பகுதி மண்டகப்படியாக இருக்கிறது. தேவைப்படுவது கட்டளை.

இது நடக்கிற காரியமா என்றால், நடந்திருக்கிறது. வேறெங்கும் போக வேண்டாம், நம் அண்ணா நகரிலேயே.

1976-இல் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, அரசுப் பணியில் இருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற பிறகு, 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் கண் சிகிச்சை முகாம்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். முகாம் நடத்தும் வேலையை மருத்துவமனை தனியாகச் செய்யவில்லை. லயன்ஸ் சங்கம், ரோட்டரி சங்கம், வங்கி, மில், கோயில், கல்லூரி என்று யாராவது ஒருவர் முன்னின்று நடத்துவார். ஊர் ஊராக ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வது, இடம் பிடிப்பது, சாப்பாடு போடுவது எல்லாம் அவர்கள் வேலை. கண்ணைப் பார்ப்பதும் அறுவை செய்வதும் மருத்துவமனை வேலை. பேனரில் நடத்துகிறவர் பெயர் இருக்கும். ஆனால் கத்தி டாக்டர் கையில்தான் இருக்கும். இரண்டு பேரும் ஒருவர் வேலையில் மற்றவர் கை வைப்பதில்லை.

அவர்கள் கற்றுக்கொண்ட இன்னொரு பாடமும் உண்டு. ஆபரேஷன் இலவசம் என்று சொன்னால் மட்டும் ஜனங்கள் வந்துவிடவில்லை. பஸ் காசு வேண்டும், கூட வர ஆள் வேண்டும், இரண்டு நாள் கூலி போகும், ஆஸ்பத்திரி என்றால் பயம். அதனால் முகாமில் இருந்தே பஸ்ஸில் அழைத்துப் போய், தங்க இடமும் சாப்பாடும் கொடுத்து, திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். பிறகு மறுபரிசோதனைக்கும் வந்தார்கள். உதவி இருக்கிறது என்பது வேறு, உதவி வந்து சேர்வது வேறு. மனநலத்துக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். கண் தெரியவில்லை என்று சொல்ல யாருக்கும் வெட்கம் இல்லை. மனசு சரியில்லை என்று சொல்வதற்கு வெட்கம் இருக்கிறது.

தெரிந்தவர்களுக்கும் நம் பகுதியில் பஞ்சம் இல்லை. மனநல மருத்துவர் சி.ராமசுப்பிரமணியன் 1992-இல் தொடங்கிய எம்.எஸ்.செல்லமுத்து அறக்கட்டளை மதுரையிலேயே இருக்கிறது. பகல்நேரப் பராமரிப்பு, மறுவாழ்வு இல்லம், தொழிற்பயிற்சி என்று வேலை செய்கிற அமைப்பு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். அந்தக் கொடுமைக்குப் பிறகு அந்தப் பகுதியில் போய் வேலை செய்தவர்களில் இவர்களும் உண்டு. சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய சிநேகா, தொண்டர்களை வைத்தே தற்கொலைத் தடுப்பு வேலை செய்துவருகிறது. பரீட்சையில் தோற்ற பிள்ளைகள் நீண்ட காலம் காத்திருக்காமல் உடனே துணைத் தேர்வு எழுதலாம் என்ற ஏற்பாடு தமிழ்நாட்டில் வந்ததற்குப் பின்னால் அவர்கள் எடுத்துச் சொன்னதும் ஒரு காரணம். அப்புறம் நம் பெரியாஸ்பத்திரி இருக்கிறது. அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது, காசு கேட்க மாட்டார்கள்.

ஆக, ஒரு பக்கம் பணம் இருக்கிறது. இன்னொரு பக்கம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நடுவில் பிள்ளை நிற்கிறது. இந்த மூன்றையும் சேர்க்க எதற்குப் பணம் கொடுக்க வேண்டும்? என் பதில் ஒரே வரி: கட்டடத்துக்கு அல்ல, விழாவுக்கு அல்ல, ஓர் ஆளுக்கு.

இதற்கு ஆதாரம் இருக்கிறது. நம் ஊரில் அல்ல, பீகாரில். நாலந்தா மாவட்டத்தின் 75 அரசு உயர்நிலைப் பள்ளிகளில் கோவாவைச் சேர்ந்த சங்கத் என்ற தொண்டு நிறுவனம் 'சேஹர்' என்ற திட்டத்தை நடத்தியது. பணம் கொடுத்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் மெக்ஆர்தர் அறக்கட்டளை. ஓர் இன்ஷூரன்ஸ் அதிபரின் சொத்தில் உருவான அறக்கட்டளை அது. பள்ளிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பங்குப் பள்ளிகளில் பயிற்சி கொடுத்த ஆலோசகர் ஒருவரை அந்த வேலைக்கென்றே உட்கார வைத்தார்கள். அவர் டாக்டர் அல்ல. இன்னொரு பங்கில் அதே வேலையை அந்தப் பள்ளி ஆசிரியர் ஒருவரிடமே கூடுதல் பொறுப்பாகக் கொடுத்தார்கள். மூன்றாவது பங்கில் இரண்டும் இல்லை. 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. தனி ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பிள்ளைகளின் மனச்சோர்வு குறைந்தது, ஒருவரை ஒருவர் துன்புறுத்துவது குறைந்தது, பள்ளியின் சூழலே மாறியது. ஆசிரியரிடம் கூடுதல் வேலையாகக் கொடுத்த பள்ளிகளில் சொல்லும்படி எந்த மாற்றமும் இல்லை.

ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. இது அவர்கள் குறை அல்ல. பாடம், பேப்பர் திருத்துவது, எலெக்‌ஷன் டியூட்டி எல்லாம் பார்க்கிறவரிடம் இதையும் கொடுத்தால் என்ன ஆகும்? தவிர, மார்க் போடுகிற கையிடம் எந்தப் பிள்ளை மனம் திறந்து பேசும்? மேலூர்ப் பெண் டீச்சர் பக்கம் திரும்பிப் பார்த்தாளே, அதன் அர்த்தம் எனக்கு இந்த ஆய்வைப் படித்தபோதுதான் புரிந்தது.

கம்பெனியும் தொண்டு நிறுவனமும் கைகோக்கும்போது கவனிக்க வேண்டியவை என்று அனுபவத்தில் கண்ட நான்கை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, காலம். ஒரு பிள்ளை ஓர் ஆளை நம்பி வாய் திறக்கவே ஒரு பருவம் ஆகும். வருடா வருடம் மார்ச்சில் பணம் வருமா வராதா என்று தெரியாவிட்டால் நல்ல ஆலோசகர் தங்க மாட்டார். சட்டமே இதற்கு வழி வைத்திருக்கிறது. 2021-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, தொடங்கிய நிதியாண்டு போக மேலும் மூன்று ஆண்டுகள் வரை ஒரு திட்டத்தைத் தொடர் திட்டமாக நடத்தலாம். 'சட்டம் இடம் தரவில்லை' என்று எந்தக் கம்பெனி அதிகாரியும் சொல்ல முடியாது. நானே அப்படிச் சொன்னவன்தான். விதியைப் படிக்காமல் சொன்னேன்.

இரண்டாவது, ரகசியம். நாங்கள் ஒரு முறை ஒரு தொண்டு நிறுவனத்திடம், பயனடைந்த பிள்ளைகளின் பெயரும் போட்டோவும் அறிக்கைக்கு வேண்டும் என்று கேட்டோம். அந்த அம்மா மறுத்துவிட்டார். "சார், எத்தனை பேர் வந்தாங்க, எத்தனை பேரை டாக்டர்ட்ட அனுப்பினோம், எத்தனை பேர் திரும்ப வந்தாங்க, எல்லாம் தர்றேன். பேரு மட்டும் கேக்காதீங்க" என்றார். எனக்கு அப்போது கோபம். பிறகுதான் தெரிந்தது, 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமே நோயாளியின் ரகசியத்தை ஓர் உரிமையாக வைத்திருக்கிறது. சம்மதம் இல்லாமல் போட்டோ வெளியிடக் கூடாது என்கிறது. கிணற்றுக்கும் வகுப்பறைக்கும் பெயர்ப்பலகை வைக்கலாம். ஒரு பிள்ளையின் கண்ணீருக்குப் பெயர்ப்பலகை வைக்க முடியாது.

மூன்றாவது, ஏணி. ஆலோசகர் முதல் படி. அவரால் முடியாததை மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், அவசரம் என்றால் அன்றைக்கே அனுப்ப வேண்டும். அந்த ஏற்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். மேல் படி இல்லாத ஏணியில் பிள்ளையை ஏற்றிவிடக் கூடாது.

நான்காவது, சொந்த வீடு. ஊருக்கெல்லாம் மனநலம் பேசிவிட்டு, தன் கம்பெனியில் அப்ரண்டிஸ் பையனைப் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைத்தால் அந்தப் பணத்துக்கு மரியாதை இல்லை. கனடாவில் பெல் என்ற தொலைபேசிக் கம்பெனி 2010-இல் மனநலத்துக்காக 'லெட்ஸ் டாக்' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. நிறையப் பணம் கொடுத்தது, நிறையப் பேரைப் பேச வைத்தது, நல்ல காரியம். ஆனால் 2024-இல் அந்த வருடப் பிரசாரம் முடிந்த சில நாட்களில் 4,800 பேரை வேலையில் இருந்து எடுப்பதாக அறிவித்தபோது, ஜனங்கள் இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் பேசினார்கள்.

நம் நாட்டிலும் நல்ல உதாரணம் உண்டு. பாராசூட் தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிகோ கம்பெனியின் ஹர்ஷ் மாரிவாலா, தன் சொந்தப் பணத்தில் மனநலத்துக்கென்றே ஓர் அமைப்பை வைத்து, மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் 'ஐகால்' தொலைபேசி ஆலோசனை போன்ற வேலைகளுக்கு உதவிவருகிறார். மதுரைக்கு இது புதுசும் இல்லை. கருமுத்து தியாகராசர் மில் தொழிலில் சம்பாதித்து 1949-இல் கலைக் கல்லூரியும் 1957-இல் பொறியியல் கல்லூரியும் தொடங்கினார். இந்த ஊரில் தொழில் பணம் படிப்புக்குப் போய்ப் பழகியிருக்கிறது. அதைப் படிக்கிற பிள்ளையின் மனசுக்கும் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது நம் கல்லூரிக்கு வருகிறேன்.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், மாணவர் மனநலம் பற்றிய ஒரு வழக்கில் நாடு முழுவதற்குமான வழிகாட்டுதல்களைக் கொடுத்தது. நூறு பேரும் அதற்கு மேலும் படிக்கும் கல்வி நிறுவனங்கள், பயிற்சி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அதில் ஒன்று. ஆகவே நான் சொல்வது தர்மம் மட்டும் அல்ல, செய்தே ஆக வேண்டிய வேலை. அதைப் பேருக்குச் செய்வதா, உருப்படியாகச் செய்வதா என்பதுதான் நம் முன் உள்ள கேள்வி.

வளைவுக்குப் பொறியாளர் கொடுத்த மதிப்பீடு 18 லட்சம் ரூபாய். எம்.எஸ்.டபிள்யூ. அல்லது உளவியல் முதுகலை படித்த ஒருவருக்கு மாதம் 35,000 ரூபாய் என்று வையுங்கள். வருடத்துக்கு 4,20,000. மூன்று வருடத்துக்கு 12,60,000. மீதி 5,40,000-இல் ஓர் அறையைச் சரிசெய்து, மாதம் இரு முறை மனநல மருத்துவர் வந்து போக ஏற்பாடு செய்து, பேராசிரியர்களுக்கும் விடுதிப் பணியாளர்களுக்கும் பயிற்சி கொடுக்கலாம். இந்த மூன்று வருடத்தில் வேலை நடப்பதைக் காட்டி, கப்பலூர்ப் பக்கம் தொழில் நடத்தும் நம் முன்னாள் மாணவர்களிடமும் பெரிய கம்பெனிகளிடமும் அடுத்த கட்டத்துக்குப் பணம் கேட்போம். பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் ஆலோசகரை நியமித்து மேற்பார்வை செய்யட்டும். கல்லூரி அறை கொடுக்கட்டும். நம் சங்கம் நடுவில் நின்று, கணக்கு மட்டும் கேட்கட்டும்; பெயர் கேட்க வேண்டாம்.

அறை முதல்வர் அறைக்குப் பக்கத்தில் வேண்டாம். அங்கே போனாலே 'என்னடா மாட்டிக்கிட்டியா?' என்பார்கள். நூலகத்தின் பின்பக்கம் இருக்கட்டும். நேரம் மாலையில் மட்டும் வேண்டாம். சோழவந்தான், வாடிப்பட்டி, திருமங்கலம் பிள்ளைகள் பஸ்ஸுக்கு ஓடிவிடுவார்கள். மதிய இடைவேளையில் இருக்கட்டும். இதெல்லாம் சின்ன விஷயம் மாதிரித் தெரியும். அரவிந்த் முகாமின் பஸ் மாதிரி, இதுதான் பெரிய விஷயம்.

ஆட்சேபணைகளும் கேட்டேன். காலையில் காபி குடிக்கும்போதே ஒரு நண்பர், "ஏம்ப்பா, நாமெல்லாம் கவுன்சிலிங் போயா படிச்சோம்? நல்லாத்தானே இருக்கோம்?" என்றார். உண்மைதான். இங்கே உட்கார்ந்திருப்பவர்கள் நன்றாக இருப்பவர்கள். இங்கே இல்லாதவர்களை யார் கேட்பது? இன்னொருவர், "கல்லூரியில மனநல ஆலோசகர்னா கெட்ட பேரு வரும்" என்றார். கல்லூரியில் முதலுதவிப் பெட்டி இருந்தால் அங்கே தினம் ரத்தக்காயம் என்று யாரும் நினைப்பதில்லை. மூன்றாமவர், "ஒரு ஆளைப் போட்டா எல்லாம் சரியாயிடுமா?" என்றார். ஆகாது. வறுமை இருக்கும், சாதி இருக்கும், கடன் இருக்கும், நுழைவுத்தேர்வு இருக்கும், வேலையின்மை இருக்கும். அவற்றுக்கு வேறு வேறு போராட்டம் வேண்டும். ஆனால் அவற்றைத் தாங்க முடியாமல் ஒரு பிள்ளை ராத்திரி வராண்டாவில் நடக்கும்போது, காலையில் போய்ப் பேச ஒரு கதவு திறந்திருக்க வேண்டும்.

ஆலோசகர் வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டியதும் இல்லை. 2022 அக்டோபர் 10 முதல் டெலி மனஸ் என்ற அரசுத் தொலைபேசிச் சேவை இருக்கிறது. எண் 14416. இலவசம். இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணை விடுதியில் ஒவ்வொரு மாடியிலும் எழுதி வைக்க நாளைக்கே ஒரு டப்பா பெயின்ட் போதும். இந்த மலரிலும் அச்சிடச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். நமக்கும் தேவைப்படலாம், வெட்கம் வேண்டாம்.

சட்டமும் மாறிவிட்டது. 2017 சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகக் கருதி, அவரைத் தண்டிக்கக் கூடாது, பராமரிக்க வேண்டும் என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் அந்தப் பழைய 309-ஆவது பிரிவே இல்லை. சட்டம் வாய் திறந்துவிட்டது. நாமும் திறக்க வேண்டும்.

பொதுக்குழுவுக்கு என் வேண்டுகோள் இதுதான். வளைவைத் தள்ளி வையுங்கள். கல்லூரிக்கு வாசல் ஏற்கெனவே இருக்கிறது. உள்ளே வந்த பிள்ளை முழுதாக வெளியே போவதற்கு ஒரு கட்டளை எழுதி வைப்போம். அதில் நம் செட்டின் பெயர் வேண்டாம், என் நண்பனின் பெயரும் வேண்டாம். அவன் கேட்டது பேரும் புகழும் இல்லை. "கொஞ்சம் பேசணும்" என்றுதான் கேட்டான்.

என் பங்காக ஓர் ஆண்டுச் சம்பளத்தில் பாதியை, 2,10,000 ரூபாயை, இந்த மேடையிலேயே பொருளாளரிடம் காசோலையாகக் கொடுக்கிறேன். இது வளைவுக்கு அல்ல என்பதைக் காசோலையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.